அறிவியல் பரப்பலுக்கான நிதியும் அதன் வடிவமும்: இந்தியப் பள்ளி மாணவர் திட்டங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பள்ளிச் சிறாரிடம் அறிவியல் ஆர்வத்தை வளர்ப்பதற்கென இந்தியாவில் ஒதுக்கப்படும் நிதி பெரும்பாலும் கருவியாகவோ பரிசாகவோ நிகழ்ச்சியாகவோ உருமாறிப் பள்ளியை அடைகிறது. ஒரே குழந்தையிடம் ஒரே மனிதர் மீண்டும் மீண்டும் செல்வதற்கான செலவு திட்ட வரைவுகளில் சிறு பங்காகவோ, கணக்கில் ஏறாத தன்னார்வ உழைப்பாகவோ எஞ்சுகிறது. அடல் டிங்கரிங் ஆய்வகம், இன்ஸ்பயர்–மானக், ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து, தமிழ்நாடு அறிவியல் இயக்கம், வானவில் மன்றம் ஆகியவற்றின் நிதியமைப்பை ஒப்புநோக்கி, நிதியின் அளவைக் காட்டிலும் அதன் வடிவமே பரப்பலின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் பரப்பல், நிதி வடிவம், மக்கள் அறிவியல் இயக்கம், அறிவியல் தமிழ், வானவில் மன்றம், கருத்தாளர்

முன்னுரை

அறிவியல் தமிழ் குறித்த ஆய்வுகள் கலைச்சொல்லாக்கம், மொழிபெயர்ப்பு நெறி, பாடநூல் உருவாக்கம், இதழியல் ஆகிய களங்களில் விரிவாக நிகழ்ந்துள்ளன. அறிவியல் தமிழில் எவ்வாறு எழுதப்பட்டது என்பதே அவற்றின் தலையாய வினா. யாருடைய செலவில் எழுதப்பட்டது என்னும் வினா அவற்றில் அருகியே காணப்படுகிறது. பெ. நா. அப்புஸ்வாமியின் (1891–1986) அறிவியல் உரைநடையைப் போற்றும் நாம், அவர் தொழிலால் வழக்கறிஞர் என்பதை வாழ்க்கைக் குறிப்பாகக் கூறிக் கடந்துவிடுகிறோம். அவருடைய எழுத்துக்கு முதற்புரவலர் அவருடைய தொழிலே என்று அச்செய்தியைப் படிக்கவும் இயலும். 1940களின் இறுதியில் ஜி. ஆர். தாமோதரனின் முயற்சியால் கோவையிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'கலைக்கதிர்' ஒரு கல்வி அறநிலையத்தின் பின்புலத்தில் நின்றது. 1987இல் தொடங்கிய சிறுவர் அறிவியல் மாத இதழான 'துளிர்' சந்தாவையும் அதனைச் சேர்க்கும் தொண்டர்களையும் நம்பி நின்றது. தனிமனித வருவாய், அறக்கொடை, சந்தா ஆகிய இம்மூன்றும் வெவ்வேறு வகை வாசகர்களை உருவாக்கின. எழுதுவோர் எவருக்காக எழுதுகிறோம் என எண்ணினரோ, அவ்வெண்ணத்திலும் பணம் வந்த வழிக்குப் பங்குண்டு.

அரசு இக்களத்திற்குள் முறையாக நுழைவது பின்னரே. 1976இல் நிறைவேறிய 42ஆம் அரசமைப்புத் திருத்தம், அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக்கியது. 1982இல் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் பரிமாற்றக் குழு நிறுவப்பட்டது. 1989இல் விஞ்ஞான் பிரசார் தோன்றியது. கடமை குடிமகனுடையது என அரசமைப்பு கூறினும், அக்கடமையை ஆற்றுவதற்கான செலவை யார் ஏற்பது என்பது அன்றுதொட்டு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் முடிவாகும் ஒன்றாகவே இருந்துவருகிறது.

இக்கட்டுரையில் 'நிதி வடிவம்' என்னும் தொடர், தொகை எவ்வளவு என்பதைக் குறிக்கவில்லை. தொகை எதன்மேல் செலவிடப்பட வேண்டும், எத்தனை ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும், முடிந்ததற்கு எதனைச் சான்றாகக் காட்ட வேண்டும் என்னும் மூன்று நிபந்தனைகளையும் சேர்த்தே அது குறிக்கிறது.

ஆர்வம் அரிதானதா?

பரப்பல் திட்டங்கள் அனைத்திற்கும் அடியில் ஓர் எடுகோள் உண்டு. குழந்தைகளிடம் அறிவியல் ஆர்வம் குறைவு, வியக்கத்தக்க ஒன்றைக் காட்டினால் அது பற்றிக்கொள்ளும் என்பதே அது. இவ்வெடுகோள் சோதிக்கப்பட்டுள்ளது. இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 2009இல் தொடங்கிய ஆஸ்பயர்ஸ் ஆய்வு, இங்கிலாந்தில் 10 முதல் 14 அகவை வரையிலான சிறாரைத் தொடர்ந்து கண்காணித்தது. அறிவியல் பாடம் தமக்குப் பிடித்திருப்பதாகவும் அறிவியலாளர்கள் மதிக்கத்தக்க பணியைச் செய்வதாகவும் பெரும்பான்மையினர் கூறினர். ஆயினும் அறிவியலாளராக விரும்பியோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே. 'அறிவியல் நன்று, ஆனால் எனக்கன்று' என்னும் இந்நிலையை விளக்க அவ்வாய்வுக் குழுவினர் 'அறிவியல் மூலதனம்' என்னும் கருத்தாக்கத்தைக் கையாண்டனர். குடும்பத்தில் அறிவியல் பயின்றவர் உளரா, அறிவியல் சார்ந்த பணியில் இருப்பவர் எவரையேனும் குழந்தை நேரில் அறியுமா, வீட்டில் அதுபற்றிப் பேச்சு எழுகிறதா என்பன அம்மூலதனத்தின் கூறுகள்.

அந்த எண்களை அவ்வாறே நம் சூழலுக்குப் பெயர்த்தல் தகாது. ஆயினும் அவை எழுப்பும் ஐயம் நமக்கும் பொருந்தும். குறைவாக இருப்பது ஆர்வமன்று, தொடர்பு என்றால், ஒருநாள் வியப்பை விளைவிக்கும் நிகழ்ச்சிக்குச் செலவிடும் பணம் ஏற்கெனவே உள்ள ஒன்றையே மீண்டும் வாங்குகிறது.

மைக்கேல் பாரடேயின் வரலாறு அறிவியல் பரப்பல் மேடைகளில் சலிப்பின்றிச் சொல்லப்படுவது. நூற்கட்டுநர் ஒருவரிடம் தொழில் பழகிய இளைஞனுக்கு 1812இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கான நுழைவுச்சீட்டை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்தார். அதுவே அவரை அறிவியலுக்கு ஈர்த்தது என்பர். கதை பெரும்பாலும் அச்சீட்டோடு நின்றுவிடுகிறது. சொற்பொழிவுக் குறிப்புகளைக் கட்டடம் செய்து டேவிக்கு அனுப்பியதும், 1813இல் இராயல் நிறுவனத்தில் அவருக்கு ஊதியத்துடன் உதவியாளர் பணி கிடைத்ததும் பின்னுரையாகிவிடுகின்றன. பணி கிடைத்திராவிடின் சீட்டு ஓர் இனிய மாலைப்பொழுதாக முடிந்திருக்கும். 1825இல் அந்நிறுவனத்தில் தொடங்கிய சிறுவர்களுக்கான கிறித்துமசு சொற்பொழிவுகளைப் பின்னாளில் பாரடே 19 முறை நிகழ்த்தினார் என்பதும் அவர் அங்கேயே நிலைபெற்றிருந்ததன் விளைவு.

தமிழில் 'தூண்டுதல்' என்னும் சொல் இவ்விடத்து நோக்கத்தக்கது. விளக்கின் திரியை மேலே தள்ளிவிடும் செயலைக் குறிப்பது அது. எண்ணெய் இருக்கும்வரை, திரி கரியுந்தோறும், ஒருவர் அருகிருந்து திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய செயல். தூண்டாமல் எரியும் விளக்கைத் தனியே 'தூண்டாமணி விளக்கு' எனச் சிறப்பித்துப் பெயரிட வேண்டியிருந்தது என்பதே, ஏனைய விளக்குகளுக்கு ஆள் தேவை என்பதை உணர்த்துகிறது.

கருவிக்கும் பரிசுக்கும் செல்லும் நிதி

நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் 2016 முதல் பள்ளிகளில் டிங்கரிங் ஆய்வகங்களை நிறுவிவருகிறது. தெரிவுபெறும் பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய் வரை வழங்கப்படுகிறது. இதில் 10 இலட்சம் ஆய்வகத்தை அமைப்பதற்கு, எஞ்சிய 10 இலட்சம் அதிகபட்சம் ஐந்தாண்டு நடத்துவதற்கு. இதுவரை ஏறத்தாழ 10,000 ஆய்வகங்கள் அமைந்துள்ளன. அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என 2025ஆம் ஆண்டின் ஒன்றிய வரவு செலவுத் திட்ட உரை அறிவித்தது. முப்பரிமாண அச்சுப்பொறி, எந்திரனியல் தொகுப்பு, உணரிகள், நுண்கட்டுப்பாட்டுப் பலகைகள் ஆகியவற்றை ஓர் அரசுப் பள்ளி தன் பொறுப்பில் பெறுவது சிறிய செய்தியன்று. நகர்ப்புறத் தனியார் பள்ளிகளில் மட்டும் காணக்கூடியனவாக இருந்தவற்றைச் சிற்றூர்க் குழந்தை தொட்டுப் பார்க்கிறது. இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும் நிதியின் வடிவம் தன் வேலையைச் செய்கிறது. கருவி வாங்கப்பட்டதற்குப் பற்றுச்சீட்டு உண்டு, நிழற்படம் உண்டு, இருப்புப் பதிவேடு உண்டு. ஆசிரியர் ஒருவர் வகுப்பு முடிந்தபின் இரண்டு மணிநேரம் குழந்தைகளுடன் அமர்ந்ததற்குப் பற்றுச்சீட்டு இல்லை. கள ஆய்வின் பொருட்டு இக்கட்டுரையாளர் சென்ற ஒரு பள்ளியில் அச்சுப்பொறி உறையிட்டு வைக்கப்பட்டிருந்தது. இழை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்றார் பொறுப்பாசிரியர். அவர் வாரத்திற்கு 28 பாடவேளைகள் எடுப்பவர். இழையின் விலையைக் காட்டிலும் அவருடைய 29ஆம் பாடவேளைதான் அங்கு அரிய பொருளாக இருந்தது.

இன்ஸ்பயர்–மானக் திட்டம் பரிசு வடிவத்திற்கு எடுத்துக்காட்டு. 2008இல் அறிவிக்கப்பட்ட இன்ஸ்பயர் திட்டத்தின் பள்ளிப் பிரிவு இது. பத்து இலட்சம் எண்ணங்களைப் பள்ளிகளிலிருந்து திரட்டுவது, அவற்றுள் ஓர் இலட்சத்தைத் தெரிந்து ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாயை மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்துவது, மாவட்டக் கண்காட்சிகளிலிருந்து 10,000 மாதிரிகளை மாநில நிலைக்கும், 1,000 மாதிரிகளைத் தேசிய நிலைக்கும் உயர்த்தி, நிறைவாக 60ஐத் தெரிவது என்பது அதன் அமைப்பு. ஓர் இலட்சம் பேருக்கும் வழங்கினால் 100 கோடி ரூபாய். நேரடிக் கணக்குப் பரிமாற்றம் இடைத்தரகை ஒழிக்கிறது. பன்னிரண்டு அகவைச் சிறுமியின் பெயரில் அறிவியலுக்கெனப் பணம் வருவதை வீடும் ஊரும் கவனிக்கின்றன. இவை நன்மைகளே. எனினும் கூம்பு வடிவம் மேலே செல்லச் செல்ல ஒருவருக்குக் கிட்டும் வழிகாட்டலைக் கூட்டுகிறது, கீழே அதனைக் குறைக்கிறது. தெரிவுபெறாத ஒன்பது இலட்சம் எண்ணங்களுக்கு இந்நிதி வடிவத்தில் இடமில்லை. அவ்வெண்ணம் ஏன் செயற்படாது, எங்கே திருத்தினால் செயற்படும் என ஒருவர் மறுமொழி எழுதியிருந்தால், அம்மறுமொழியே அறிவியல் கல்வியின் முதற்பாடமாகியிருக்கும். மறுமொழி எழுதுவோருக்குத்தான் இத்தகைய திட்டங்களில் செலவுத் தலைப்பு இல்லை.

நிறுமங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் இதே திசையில் செல்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, வரம்புக்குட்பட்ட நிறுமங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடப் பணிக்கிறது. தொடர்திட்டம் எனப்படுவதற்கும் தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்றாண்டே வரம்பு. ஆறாம் வகுப்பில் சேரும் குழந்தை எட்டாம் வகுப்பை முடிக்கும்போது திட்டமும் முடிகிறது. அதற்கு அடுத்து வரும் குழந்தைகளுக்குப் பெயர்ப்பலகை எஞ்சுகிறது.

ஹோசங்காபாத் காட்டிய வேறு கணக்கு

மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், நிதி வடிவத்தை வேறாக அமைத்தது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் ஊரக மையம் என்னும் இரு தன்னார்வ அமைப்புகள் அதனைத் தொடங்கின. தில்லிப் பல்கலைக்கழகம், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்தோர் அதில் பங்கேற்றனர். 1978இல் அது மாவட்டம் முழுமைக்கும் விரிந்தது. 1982இல் தோன்றிய ஏகலவ்யா அமைப்பு பின்னர் பொறுப்பை ஏற்றது.

அங்கும் கருவிப்பெட்டி இருந்தது. ஆனால் அது எளிய பொருள்களால் ஆனது, தீர்ந்தால் நிரப்பக்கூடியது. பெருஞ்செலவு ஆசிரியர்மேல் அமைந்தது. கோடைப் பயிற்சி, மாதக் கூட்டம், பள்ளிக்கே சென்று உடனிருக்கும் தொடர்வருகை ஆகியன திட்டத்தின் உறுப்புகள். மாதக் கூட்டத்தில் ஆசிரியர் தம் வகுப்பில் தோல்வியுற்ற சோதனையை எடுத்துரைப்பார். அடுத்த பதிப்பில் பாடநூல் மாறும். புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வும் செய்முறைத் தேர்வும் எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இடம்பெற்றன. குழந்தைகள் தம் வினாக்களைச் சவாலிராம் என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதினர். சவாலிராமின் பெயரில் திட்டக்குழுவினர் மறுமொழி எழுதினர். மேலே மானக் திட்டத்தில் இல்லை எனக் குறிப்பிட்ட மறுமொழிக்கு இங்கே ஒரு பெயரும் முகவரியும் கிடைத்திருந்தன. எளிய பொருள்களால் அறிவியல் விளையாட்டுப் பொருள் செய்யும் அரவிந்த் குப்தாவின் நெடும்பணி 1978இல் அவர் இத்திட்டத்தில் பங்கேற்றதிலிருந்து கிளைத்தது. குழந்தைகளைத் தூண்டுவதற்கென அமைந்த நிதி, ஒரு பொறியாளரையும் தூண்டியது எனலாம்.

2002இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. அப்போது அது ஆயிரம் பள்ளிகள் அளவுக்கு வளர்ந்திருந்தது. முப்பதாண்டு வரலாறு ஓர் அரசாணையால் முடிந்தது. நீடிப்புக்கு நிதியளிக்கும் வடிவத்தை ஏற்றுக்கொண்டாலும், அந்நிதி ஒரே ஊற்றிலிருந்து வருமாயின் நீடிப்பு உறுதியன்று என்பதை இது காட்டுகிறது. விஞ்ஞான் பிரசார் 2023இல் மூடப்பட்டதையும் இதனோடு வைத்து எண்ண வேண்டும். 'விப்நெட்' என்னும் பெயரில் நாடெங்கும் அறிவியல் மன்றங்களை இணைத்து, இந்திய மொழிகளில் நூலும் இதழும் வெளியிட்ட அமைப்பு அது. மன்றம் அமைத்த ஆசிரியர் ஓர் ஊரில் இருக்கிறார். அவருக்கு மடல் அனுப்பிய முகவரி இல்லை.

சந்தாவும் தொண்டும்

அரசு ஊற்றுக்கு மாற்றாகப் பெரிதும் சுட்டப்படுவது கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து. மலையாளத்தில் அறிவியல் எழுதுவோரின் அமைப்பாக 1962இல் தோன்றிய இது, 'சாஸ்திரகதி', 'சாஸ்திர கேரளம்', 'யுரீகா' ஆகிய இதழ்களையும் எண்ணற்ற நூல்களையும் வெளியிட்டு, அவற்றின் விற்பனையையே தன் முதன்மை வருவாயாக்கிக்கொண்டது. 1996இல் ரைட் லைவ்லிஹுட் விருதைப் பெற்றது. நூல் விற்பனை அங்கே வருவாய் மட்டுமன்று. வீடுவீடாகச் சென்று நூலை விற்கும் தொண்டர் அவ்வீட்டாருடன் பேசுகிறார். நிதி திரட்டலும் பரப்பலும் ஒரே செயலாகிவிடும் அரிய வடிவம் இது.

1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் 'துளிர்' வழியாகவும் துளிர் இல்லங்கள் வழியாகவும் இதற்கு ஒத்த ஒன்றை முயன்றது. 1987இல் அக்டோபர் 2 தொடங்கி நவம்பர் 7 வரை நாட்டின் ஐந்து திசைகளிலிருந்து போபால் நோக்கிச் சென்ற பாரத மக்கள் அறிவியல் கலைப்பயணம், ஒன்றிய அரசின் நிதியும் மக்கள் இயக்கங்களின் ஆளும் இணைந்த முயற்சி. 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் குழந்தைகள் குழுவாகத் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து, தாய்மொழியிலேயே அறிக்கை தரலாம். குளத்தின் நீர்மட்டத்தை வாரந்தோறும் அளக்கும் குழுவுக்குப் பெருங்கருவி வேண்டியதில்லை. வாரந்தோறும் 'அளந்தாயிற்றா?' எனக் கேட்கும் வழிகாட்டி ஆசிரியர் வேண்டும்.

ஆனால் இவ்வடிவத்தில் மறைந்துள்ள மானியம் ஒன்று உண்டு. இத்தொண்டர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், அலுவலர்கள் போன்ற நிலையான மாத ஊதியமுடையோர். ஓய்வூதியம் உறுதியான பணியும், மாலை ஐந்து மணிக்குமேல் தமக்கென எஞ்சும் பொழுதும் அவர்களுக்கு இருந்தன. அந்தப் பொழுதே இயக்கங்களின் உண்மையான மூலதனம். இயக்கக் கணக்கேடுகளில் அது சுழியமாகவே நின்றது. 'மக்கள் தாமே நடத்திய பரப்பல்' என இதனைப் புகழ்வோர், அதற்கு மறைமுகமாக ஊதியமளித்தது பொதுத்துறை வேலைவாய்ப்பு என்பதையும் கூற வேண்டும். அவ்வேலைவாய்ப்பு சுருங்கி ஒப்பந்தப் பணி பெருகியுள்ள காலத்தில், முந்தைய தலைமுறையின் தொண்டை அளவுகோலாகக் கொண்டு இன்றைய இளைஞரைக் குறைகூறுதல் முறையன்று. சந்தாவுக்கும் வரம்புண்டு. ஆண்டுச் சந்தாவைச் செலுத்த இயலாத வீட்டுக் குழந்தைக்கு இதழ் எட்டுவது, அவருக்காக வேறொருவர் செலுத்தும்போது மட்டுமே.

வானவில் மன்றம்: ஒரு வகுத்தல் கணக்கு

2022 நவம்பர் 28 அன்று திருச்சிராப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றம், ஆளுக்கு நிதியளிக்கும் முயற்சி என்னும் வகையில் இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர்களிடம் கருத்தாளர்கள் நேரில் சென்று எளிய பொருள்களால் அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்து காட்டுவதும் செய்யவைப்பதும் இதன் பணி. அறிவிக்கப்பட்ட எண்கள்: 13,210 பள்ளிகள், 710 கருத்தாளர்கள், 25 கோடி ரூபாய்.

25 கோடியை 13,210ஆல் வகுத்தால் பள்ளி ஒன்றுக்கு ஏறத்தாழ 18,900 ரூபாய். டிங்கரிங் ஆய்வகத்தின் 20 இலட்சத்தை ஐந்தாண்டுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 4 இலட்சம். அதாவது முன்னதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். இரண்டின் நோக்கமும் வகுப்பு வரம்பும் வேறாதலின், ஒன்றை மலிவு என்றும் மற்றதை வீண் என்றும் கூறுவதற்கு இவ்வொப்பீடு போதாது. குறைந்த தொகையிலும் ஒரு மனிதரைப் பள்ளி வாயிலுக்கு அனுப்ப இயலும் என்பதற்கு மட்டும் இது சான்று.

பள்ளிகளைக் கருத்தாளர் எண்ணால் வகுத்தால் ஒருவருக்கு 18 அல்லது 19 பள்ளிகள். ஆண்டில் 200 பள்ளி நாள்கள் எனவும், நாளுக்கு ஒரு பள்ளி எனவும் கொண்டால், ஒரு பள்ளிக்கு அவர் ஆண்டில் ஏறத்தாழ 11 முறை செல்லக்கூடும். மூன்று வகுப்புகளுக்கும் பகிர்ந்தால் ஒரு வகுப்புக்கு மூன்று அல்லது நான்கு முழுநாள்கள். அக்குழந்தைகள் எட்டாம் வகுப்பை முடிக்கும்போது ஒரே கருத்தாளரைப் பத்துமுறைக்கு மேல் சந்தித்திருப்பர். பெயர் தெரிந்திருக்கும். அவருடைய ஊர் எது, எக்கல்லூரியில் பயின்றார், எவ்வாறு பயின்றார் என்பதும் தெரிந்திருக்கும். ஆர்ச்சர் குழுவினர் கூறும் அறிவியல் மூலதனத்தின் கூறு ஒன்று, அறிவியல் பயின்ற ஒருவரை நேரில் அறிதல், அக்குழந்தைக்குக் கிடைத்துவிடுகிறது.

இக்கணக்கு ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: மூன்றாண்டும் அதே கருத்தாளர் வர வேண்டும். 25 கோடியை 710ஆல் வகுத்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 3.5 இலட்சம் ரூபாய். ஓராண்டுச் செலவு முழுவதும் இதுவெனக் கொண்டால், சோதனைப் பொருள், பயிற்சி, பயணம் ஆகியவற்றைக் கழித்தபின் எஞ்சுவதே அவருடைய ஊதியத்திற்கான எல்லை. அறிவியலில் பட்டம் பெற்ற ஓர் இளைஞர் அல்லது இளம்பெண், வேறு பணி கிடைத்தவுடன் அதனை நாடிச் செல்வது இயல்பே. முந்தைய பகுதியில் கண்ட தொண்டருக்கு ஊதியம் வேறிடத்தில் இருந்தது, பரப்பல் மாலைப்பொழுதில் நிகழ்ந்தது. கருத்தாளருக்குப் பரப்பலே பணி, அப்பணிக்கு நிலைப்பு இல்லை. அவர் மாறுந்தோறும் குழந்தைகளுக்கு முதல் நாள் மீண்டும் தொடங்குகிறது. திட்ட அறிக்கையில் வருகைகளின் எண்ணிக்கை குறையாது. யார் வந்தார் என்பதை அவ்வெண் கூறாது.

எனவே மதிப்பீட்டு அலகு மாற வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள் என்பவற்றோடு, ஒரே கருத்தாளர் ஒரே வகுப்பைத் தொடர்ந்து எத்தனை முறை சந்தித்தார் என்பதும் அறிக்கையில் ஒரு நிரலாக இடம்பெறுதல் வேண்டும். அந்நிரல் இடம்பெற்றால், ஊதிய உயர்வுக்கும் பணி நீட்டிப்புக்குமான வாதம் எண்ணாகவே முன்நிற்கும். மொழிச்செலவுக்கும் ஒரு தலைப்பு வேண்டும். மேனிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆங்கிலவழி அறிவியல் பயின்ற கருத்தாளர், 'உந்தம்', 'ஒளிவிலகல்' ஆகியவற்றை ஏழாம் வகுப்புக் குழந்தையின் நாவுக்கு ஏற்பச் சொல்லப் பழகுவது ஒருநாள் பயிற்சியில் முடிவதன்று. அறிவியல் தமிழ் ஆய்வாளர்கள் கலைச்சொற் பட்டியலோடு நில்லாமல், அச்சொற்கள் வகுப்பறையில் எவ்வாறு புழங்குகின்றன எனக் கருத்தாளர்களுடன் சென்று பதிவுசெய்வதற்கு இங்குப் பரந்த களம் உள்ளது.

பல்கலைக்கழகமும் பத்து நாள்களும்

அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022 மே மாதம் வெளியிட்ட அறிவியல்சார் சமூகப் பொறுப்பு வழிகாட்டு நெறிகள், அறிவுத்துறைப் பணியாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 10 ஆள்-நாள்களைத் தம் அறிவைச் சமூகத்துடன் பகிர்வதற்கு ஒதுக்க வேண்டும் என்கின்றன. இதற்கான செலவுக்கு நிதியில் இடமளிக்கவும், பணி மதிப்பீட்டில் இதனைச் சேர்க்கவும் அவை பரிந்துரைக்கின்றன. பணியைப் பிறரிடம் ஒப்பந்தத்திற்கு விடுதலையும் அவை ஏற்பதில்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1997 முதல் ஆய்வுத்திட்ட மதிப்பீட்டில் 'விரிந்த தாக்கம்' என்பதை ஓர் அளவுகோலாக்கியதன் இந்திய இணை இது எனலாம். அங்கு நிகழ்ந்ததைப் போன்றே இங்கும் இது விண்ணப்பத்தின் இறுதிப் பக்கத்தில் நிரப்பப்படும் ஒரு பத்தியாகத் தேய்ந்துவிடும் வாய்ப்பு மிகுதி. தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 அன்று அரங்கம் ஒன்றில் 300 மாணவர்களை அமர்த்தி உரை நிகழ்த்தினால் அப்பத்தி நிறைந்துவிடும். முந்நூறு என்னும் எண்ணும் அறிக்கைக்கு அழகு சேர்க்கும்.

இதனை வேறு வகையாகவும் கணக்கிடலாம். ஆய்வு நிதி பெறும் 60 ஆசிரியர்களைக் கொண்ட மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆண்டுக்கு 600 ஆள்-நாள்கள் உள்ளன. இது மூன்று முழுநேரக் கருத்தாளர்களின் ஆண்டு உழைப்புக்கு நிகர். பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள 60 நடுநிலைப் பள்ளிகளில் ஒவ்வொன்றையும் ஒருவர் தமதாக்கிக்கொண்டு, அப்பள்ளிக்குரிய கருத்தாளருடன் இணைந்து சென்றால், ஏழாம் வகுப்புக் குழந்தை கருத்தாளரோடு ஆய்வாளர் ஒருவரையும் முகமறியும். கருத்தாளருக்கும் தம் ஐயத்தைக் கேட்க ஒருவர் கிடைப்பார். தனியே வேண்டுவது பேருந்துக் கட்டணமும் சோதனைப் பொருளுக்கான சிறு தொகையும்தான். முனைவர் பட்ட ஆய்வாளர்களைப் பொறுத்தவரை ஒரு தடை உண்டு. அவர்களுடைய உதவித்தொகை விதிகளில் பள்ளிக்குச் சென்ற நாள் ஆய்வு நாளாகக் கருதப்படுமா என்பது துறைத்தலைவரின் மனப்பாங்கைப் பொறுத்தே அமைகிறது. வருகைப்பதிவேட்டில் அந்நாளுக்குக் களப்பணி எனக் குறிக்கும் ஒரு சுற்றறிக்கை அத்தடையை நீக்கப் போதுமானது.

பத்து நாள்களையும் பத்து ஊர்களுக்குப் பகிர்வதா, ஒரே பள்ளிக்குப் பத்து முறை செல்வதா என்பதை விண்ணப்பத்தை எழுதுவோரே முடிவுசெய்யலாம்.